பெயருக்குப் பின் நிற்கும் எழுத்துக்கள்

மாலை வேளையில் மைசூர் விஜயநகரின் தெருக்களில் உலவச் செல்வோர்க்கு ஒரு பழக்கம் தானே வந்து சேரும். வாயிற் கதவுகளில் பதித்துள்ள பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பதுதான் அது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், அருகித் தமிழிலும் எழுதிய பலகைகள். பெயர் ஒரு வரி. பெயருக்குப் பின் நிற்கும் எழுத்துக்கள் மற்றொரு வரி. மானசகங்கோத்ரி வளாகம் அருகிலிருப்பதால் ஆசிரியரும் ஆய்வாளரும் இங்கு மிகுதி. மருத்துவரும் பொறியாளரும் குறைவல்லர். ஆதலின் நம் தெருக்களில் எழுத்துக்களுக்குப் பஞ்சமில்லை.

பிழைப்புத் தேடித் தமிழகத்தினின்று இங்கு வந்த குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளோ இங்கிருந்தும் கடல் கடந்து செல்கின்றனர். நிலமும் வீடும் கொண்டு செல்ல இயலாதவர்க்குக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய செல்வம் கல்விச் சான்றிதழ் ஒன்றே. அதனால் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று: அந்த எழுத்துக்கள் எதைச் சொல்கின்றன? மனிதனையா, அவன் படித்த ஆண்டுகளையா, அவனுக்குச் சான்று கூறிய நிறுவனத்தையா? நாடு மாறியதும் எழுத்தின் மதிப்பு மாறுகிறதே, மனிதனும் உடன் மாறிவிட்டானா? இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பட்டமும் படியும்

பட்டம் என்னும் சொல் முதலில் நெற்றியில் கட்டும் பொற்றகட்டைக் குறித்தது. அரசர்க்கு முடிசூட்டுதலைப் பட்டம் கட்டுதல் என்றனர் நம் முன்னோர். ஏனாதி, காவிதி, எட்டி எனப் பழந்தமிழ் வேந்தர் தம்மைச் சார்ந்தோர்க்குச் சிறப்புப் பெயர் வழங்கினர். அது வேந்தன் அளித்த சிறப்பு. அவன் ஆணை செல்லும் எல்லைவரை அதற்கு மதிப்பு. எல்லைக்கு அப்பால் அது வெறும் பெயர்.

மேலைநாட்டிலோ பல்கலைக்கழகப் பட்டத்தைக் குறிக்கும் சொல் இலத்தீன் மொழியில் ‘படி’ என்னும் பொருளுடையது. டாக்டர் என்னும் சொல்லும் ‘கற்பிப்பவர்’ என்னும் பொருளிலேயே பிறந்தது. ஏறி முடித்தவன் பிறரை ஏற்றிவிடத் தகுதி பெறுகிறான் என்பதே கருத்து. போலோனா, பாரிசு முதலிய இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பட்டம் என்பது அடிப்படையில் கற்பிக்கும் உரிமம். 1233-ஆம் ஆண்டு துலூசுப் பல்கலைக்கழகத்தில் தேறியவர் வேறெங்கும் மறு தேர்வின்றிக் கற்பிக்கலாம் எனப் போப்பாண்டவர் ஆணையிட்டார். ‘எங்கும் கற்பிக்கும் உரிமை’ என்றே அதற்குப் பெயர். எல்லைகளைத் தாண்டுவதற்கென்று தோன்றிய ஒன்று, இன்று எல்லைகளில் நிறுத்திச் சோதிக்கப்படுவது காலத்தின் விந்தையன்றோ!

நம் மரபில் இதற்கு இணையானது அரங்கேற்றம். நூல் செய்தவன் அதனைக் கற்றோர் அவையில் எடுத்துரைத்து, தடைகளுக்கு விடை கூறி, அவையின் ஒப்புதல் பெறுதல் வேண்டும். இன்றைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வும் இதுவே. இரண்டிலும் அவையோர் காண்பது செயலை. அச்செயலைக் கொண்டே ஆளை மதிக்கின்றனர். வள்ளுவரும் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கற்றலே அறிவு என்று அவர் கருதியிருப்பின் ஓர் அதிகாரமே போதுமாயிருக்கும்.

ஒரே எழுத்து, வேறு பொருள்

எம்.ஏ. என்னும் ஈரெழுத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பல்கலைக்கழகங்களில் இளங்கலை முடித்தபின் ஈராண்டு பயின்று தேறினால் இது கிடைக்கும். ஸ்காட்லாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களாகிய செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபெர்டீன், எடின்பரோ ஆகியவற்றில் நான்காண்டு பயின்று பெறும் முதற் பட்டத்திற்கே எம்.ஏ. என்று பெயர். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பி.ஏ. பெற்றவர் சில ஆண்டுகள் கழித்து மறு தேர்வு எதுவும் எழுதாமலே எம்.ஏ. ஆகிவிடலாம். மூவர் பலகையிலும் எழுத்து ஒன்றே. பின்னுள்ள உழைப்பு மூன்று வகை.

எம்.டி. என்பதோ இன்னும் மயக்கம் தருவது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்றாண்டு பயின்றவர் எம்.டி. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பின்மேல் நான்காண்டு மருத்துவம் பயின்றவர்க்கு அதுவே முதல் மருத்துவப் பட்டம். உருசியாவில் ஆறாண்டு பயின்று எம்.டி. பெற்று வருபவர் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நிலையிலேயே வைத்து எண்ணப்படுவார். ஆய்வுப் பட்டங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. உருசியாவில் ‘அறிவியல் வேட்பாளர்’ என்னும் பட்டமே நம் பிஎச்.டி.க்கு நிகர், ‘அறிவியல் டாக்டர்’ அதற்கும் மேற்பட்டது. பெயரை மட்டும் மொழிபெயர்த்தால், ஆய்வை முடித்தவரை இன்னும் வேட்பாளர் என்றே எண்ணிவிடுவோம்.

தமிழுக்குள்ளேயே இவ்வேறுபாடு இருக்கிறது. தமிழகத்தில் இளங்கலை, முதுகலை, முனைவர் என்கிறோம். பாக்கு நீரிணையைக் கடந்தால் அவையே கலைமாணி, முதுமாணி, கலாநிதி ஆகின்றன. 1823-இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் உயர்ந்த கல்வி இருந்தது. பட்டம் வழங்கும் உரிமை இல்லை. 1855-இல் அது மூடப்பட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் அச்செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் ஆவர். கல்வி ஒரு கரையில் இருந்தது. அதற்குச் சான்று கூறும் வாய் மறு கரையில் இருந்தது.

மைசூரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1916-க்கு முன் இந்நகரின் மகாராஜா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அவ்வாண்டு சூலையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தை நிறுவினர். கட்டடம் அதுவே, வகுப்பறை அதுவே. சான்றில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

ஆண்டுக் கணக்கும் நிலையாக நிற்பதில்லை. இங்கிலாந்தில் முதற் பட்டம் மூன்றாண்டு; அமெரிக்காவில் நான்காண்டு. 1999-இல் போலோனாவில் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடித் தம் பட்டங்களை ஒரு சீராக்க முனைந்ததும் இக்குழப்பத்தினாலேயே. நம் கர்நாடகத்தில் 2021-இல் புதிய கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் பட்டம் வந்தது. 2024-இல் அரசு மீண்டும் மூன்றாண்டுக்குத் திரும்பியது. ஒரே வீட்டில் அக்காள் கணக்கு வேறு, தம்பி கணக்கு வேறு. இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நம் அருகிலுள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற்கு 2013-14 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு இல்லாது போயிற்று. 2018-இல்தான் அது மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குப் படித்தவர் இரவில் கண்விழித்ததும் உழைப்பே. ஆனால் முத்திரைக்குரிய ஏற்பு தவறியதால் அவர் கையிலிருந்த தாள் கேள்விக்குள்ளாயிற்று.

ஓர் இல்லத்தின் கதை

இவையெல்லாம் ஒரு கூரையின்கீழ் நிகழ்ந்த கதை ஒன்று நமக்குத் தெரியும். விஜயநகரில் நாம் அடிக்கடி செல்லும் இல்லம் அது. பெரியவர் ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து இளமையிலேயே மைசூர் வந்து, ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். புதிதாக வந்த பி.இ. பட்டதாரிகளுக்கு இயந்திரத்தின் நுட்பங்களைக் கற்பித்தவர் அவரே. கற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அவருக்கு மேலதிகாரிகளாயினர். அவர் மட்டும் ஒரு கோட்டைத் தாண்ட முடியவில்லை. டிப்ளமாவுக்கு அவ்வளவுதான் என்றனர்.

மகள் மூன்றாண்டு பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பில் தேறினாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். பள்ளிப் படிப்பு 12 ஆண்டு, கல்லூரி 3 ஆண்டு, ஆக 15. எமக்கு வேண்டுவது 16 என்று மறுமொழி வந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று எவரும் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு என்றே கேட்டனர். மானசகங்கோத்ரியில் ஈராண்டு எம்.எஸ்ஸி. பயின்ற பின்னரே அவளுக்கு வழி பிறந்தது.

மகன் உருசியா சென்று ஆறாண்டு மருத்துவம் பயின்று எம்.டி. பட்டத்தோடு திரும்பினான். வெளிநாட்டில் மருத்துவம் பயின்று வரும் இந்தியர்க்கு 2002 முதல் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. 300 வினாக்களில் 150-க்கேனும் சரியான விடை தரவேண்டும். முதன்முறை அவன் தேறவில்லை. தெருவில் பேச்சு எழுந்தது. விருந்தினர் வந்தால் அவன் அறையைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். வாயிற் பலகையில் மகன் பெயரை ‘டாக்டர்’ என்று எழுதவேண்டும் என்றார் தாய். தேர்வு தேறட்டும், பிறகு பார்ப்போம் என்றார் தந்தை. கூடத்தில் இருந்த நாமும் அதைக் கேட்டோம்.

நமக்கு மனம் பொறுக்கவில்லை. ‘தாளைப் பார்த்து ஆளை அளந்தார்கள் என்று நெடுங்காலம் வருந்தியவர் நீங்கள். இன்று மகனை நீங்களே அதே கோலால் அளக்கலாமா?’ என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூறினார்: ‘ஐயா, அங்கே என் வேலை அவர்கள் கண்முன் இருந்தது. அவர்கள் பார்க்க மறுத்தார்கள். இவன் வேலையை இங்கே இன்னும் யாரும் பார்க்கவில்லை. தேர்வு வைத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள். அது வேறு, இது வேறு. நாளை இவன் முன்னே படுக்கப்போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை அல்லவா?’

குற்றம் காணச் சென்ற நாமே பாடம் கேட்டுத் திரும்பினோம்.

எடைபோடுவோரின் அறம்

பெரியவர் கூறிய வேறுபாட்டில்தான் இவ்வினாவின் உயிர் இருக்கிறது. பட்டம் என்பது ஒரு வாக்குமூலம். ‘இவரை நாங்கள் நேரில் கண்டோம், இன்னவற்றை இவர் அறிவார்’ என்று ஒரு நிறுவனம், அம்மனிதரைக் காணாத பிறருக்குக் கூறும் சொல். அச்சொல்லைக் கேட்பவருக்கு இரு கடமைகள் உண்டு. ஒன்று, சொல்லப்பட்டவருக்கு நீதி செய்தல். மற்றொன்று, அவரை நம்பி வரப்போகும் பொதுமக்களுக்குக் காவலாக இருத்தல். போலிச் சான்றுகளும் பெயரளவுக் கல்லூரிகளும் உள்ள உலகில் இரண்டாவது கடமையை எளிதென ஒதுக்க முடியாது. நம் எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளும் அமெரிக்காவில் தொழில் செய்ய அந்நாட்டுத் தேர்வுகளை எழுதத்தான் வேண்டும். சோதித்துப் பார்த்தல் இழிவன்று. பார்க்கவே மறுத்தலும், வேறு எதையோ பார்த்துத் தீர்ப்புக் கூறுதலும்தான் இழிவு.

1997-ஆம் ஆண்டு லிசுபன் நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்விரு கடமைகளையும் ஒருங்கே காக்க முயன்றது. அயல்நாட்டுத் தகுதியை ஏற்றுக்கொள்ளவேண்டும். மறுப்பதாயின் வேறுபாடு பெரியது என்பதை மறுப்பவரே மெய்ப்பிக்கவேண்டும் என்பது அதன் நெறி. யுனெஸ்கோ 2019-இல் உருவாக்கிய உலக உடன்படிக்கையும் இந்நெறியையே தழுவியது. அது 2023-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் மொழியில் கூறினும் இஃது அறத்தின் மொழியே. ஐயம் கொள்ள உனக்கு உரிமை உண்டு. ஆனால் ஐயத்திற்குக் காரணம் காட்டும் சுமையும் உன்னுடையதே என்கிறது.

செயலைப் பார்த்தோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கணிதமேதை இராமானுஜன் கும்பகோணத்திலும் பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட இயலாதவர். தேர்வுத்தாளை மட்டும் பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பட்டமற்ற அவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அவருடைய குறிப்பேடுகளைக் கண்டவர்கள் இருந்ததே காரணம். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் பேரில் பி.ஏ. பட்டம் அளித்தது. அந்நாளில் அங்குப் பிஎச்.டி. பட்டமே இல்லை. இன்றைய கண்ணுக்கு ‘வெறும் பி.ஏ.’ என்று தோன்றும் அவ்விரண்டு எழுத்துக்களின் பின்னே நின்ற உழைப்பை நினைத்தால் நாம் பலகை படிக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது.

விசுவேசுவரய்யா பெற்ற பொறியியல் தகுதி எல்.சி.இ.; பெயரளவில் அது ஓர் உரிமமே. இன்று அவ்வெழுத்துக்களைக் கேட்டால் என்னவென்று வினவுவோம். கிருஷ்ணராஜசாகர் அணையைக் கண்டவர் எவரும் அவ்வினாவைக் கேட்கமாட்டார். திருத்தணியில் பிறந்து, சென்னையில் எம்.ஏ. பெற்று, 1918 முதல் 1921 வரை இம்மைசூரின் மகாராஜா கல்லூரியில் மெய்ப்பொருளியல் கற்பித்த இராதாகிருஷ்ணன் வெளிநாட்டில் மாணவராகப் பயின்றதே இல்லை. அவரே 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் பட்டம் எதுவுமின்றி 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவருக்கு டாக்டர் பட்டம் தேடி வந்தது 1932-இல். அதற்குள் அவர் பணியின் பெரும்பகுதி நிறைவேறியிருந்தது.

இவற்றைக் கொண்டு பட்டமே வேண்டா என்று கூறுவாரும் உளர். அது பிழை. இராமானுஜனுக்கு ஏடுகளைப் படித்துப் பார்க்கும் ஒரு ஹார்டி கிடைத்தார். எல்லோர்க்கும் ஹார்டி கிடைப்பதில்லை. பரிந்துரைக்க ஆளில்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டமே பரிந்துரை. ஊரும் பேரும் குலமும் கேட்டுக் கதவைத் திறந்த காலத்திலிருந்து நம்மை மீட்டதில் சான்றிதழுக்குப் பெரும் பங்குண்டு. அதனை மதிப்போம். ஆனால் அது கதவைத் தட்டும் கை என்பதை மறவாதிருப்போம். வீட்டுக்குள் வந்து வாழவேண்டியவன் மனிதன்.

நம் கடமை

புலம்பெயர்ந்தோர்க்கு இதில் தனிக்கடமை ஒன்று இருக்கிறது. நம் எழுத்துக்களை அயலார் குறைத்து மதித்தபோது நாம் நொந்தோம். அந்நோவு நமக்கு எதைக் கற்பித்தது? திருமணப் பேச்சில் ‘பையன் டிப்ளமாதானே’ என்று முகம் சுளிப்பவர் யார்? அஞ்சல்வழியில் படித்த பெண்ணை ‘அது படிப்பா’ என்று கேட்பவர் யார்? வடமாநிலத்திலிருந்து நம் தெருவுக்கு வேலைக்கு வந்த இளைஞனிடம் நீ எதுவரை படித்தாய் என்று ஒருமுறையேனும் கேட்டோமா? கேட்காமலே விடையை முடிவு செய்துவிட்டோம். பெரியவரைப் பார்க்க மறுத்த அத்தொழிற்சாலைக்கும் நமக்கும் அப்போது வேறுபாடு என்ன?

சங்கங்கள் செய்யத்தக்க பணியும் உண்டு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், அங்குப் பெறும் பட்டம் இங்கு எந்த நிலையில் எண்ணப்படும், இங்குப் பெற்ற பட்டம் அங்கு எத்தனை ஆண்டாகக் கணக்கிடப்படும், தொழில் செய்யத் தனித்தேர்வு உண்டா, வழங்கும் நிறுவனத்திற்கு உரிய ஏற்பு இருக்கிறதா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன் அறிந்துகொள்ளவேண்டும். முன்னரே சென்று வந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். ஞாயிறு மாலைகளில் அவர்கள் ஒரு மணி நேரம் சங்கத்தில் அமர்ந்து இளைஞர்களின் ஐயம் தீர்த்தால், பல குடும்பங்களின் ஆண்டுகளும் பொருளும் வீணாகாமல் காக்கப்படும். சங்கம் என்னும் சொல்லுக்கும் அது பொருத்தமான பணியாகும்.

அந்த இல்லத்து மகன் மூன்றாம் முறை எழுதித் தேறினான். அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவனாகச் சேர்ந்தான். அவன் தேறிய செய்தியைச் சொல்ல வந்த பெரியவர், மகிழ்ச்சிக்கிடையே ஒன்று கூறினார்: ‘பலகையில் எழுதுவதை அவன்தான் வேண்டா என்கிறான். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் அவன் அறைக்குள்ளேயே இருந்தானே, அதை நான் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.’ தேர்வு வைத்தது நாடு, அது முறையே. தேர்வு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பிள்ளையாகவே பார்க்கவேண்டியது வீடும் தெருவும். அதில் அவர் தவறினார், நாமும் தவறினோம்.

இனி நம் தெருக்களில் உலவும்போது பெயர்ப்பலகைகளைப் படிக்கும் பழக்கத்தை விடவேண்டுவதில்லை. எழுத்துக்களை ஒருமுறை படிப்போம். அவற்றைப் பெற உழைத்தவரை மதிப்போம். பிறகு பெயரை இருமுறை படிப்போம். எழுத்தே இல்லாத பலகையின் முன்னும் அவ்வாறே நின்று செல்வோம். எல்லை கடந்து வந்த நமக்கு இது தெரியாவிடில் வேறு யாருக்குத் தெரியும்?